பனிச்சறுக்கு உடையில் ஒரு பொட்டு மஞ்சள்

என் வாழ்நாளில் நான் பார்த்த பனிக்கட்டி எல்லாம் மீன் சந்தையில் உமியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவைதான். அதன் மேல் யாராவது ஏறி நின்றால் மீன்காரி கத்தியோடு வந்துவிடுவாள். அப்படிப்பட்ட யாங்கோனில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் பனித்தரை மேல் சறுக்கி ஆடும் ஒரு பெண்ணுக்கு எட்டு வருஷம் உடை தைத்தவன் நான் என்று சொன்னால் டீக்கடையில் யாரும் நம்புவதில்லை. நானும் அவர்களோடு மல்லுக்கு நிற்பதில்லை. எனக்கே பாதி நாள் நம்பிக்கை வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்துக்கு வெளியே லைங் தாயாவில் ஒரு கொரியாக்காரர் நடத்திய தையல் ஆலையில் சேர்ந்தேன். அதற்கு முன் நகரத்தில் கல்யாண ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவன். ஆலையில் எனக்கு மாதிரி அறை மாஸ்டர் வேலை. ஆயிரக்கணக்கில் தைக்கப்போகும் கோட்டுகளில் முதலில் ஒன்றே ஒன்று தைத்துக் காட்டுகிற இடம் அது. அந்த ஒன்று கெட்டால் ஆயிரமும் கெடும் என்பதால் நான் எப்போதும் பயந்துகொண்டே இருந்தேன். பயந்த முகத்தைப் பார்த்து மேலாளர் என்னைப் பொறுப்பான ஆள் என்று நினைத்துக்கொண்டார். என் உத்தியோக வாழ்க்கையின் ரகசியம் இவ்வளவுதான்.

மேலாளர் கொரியாவிலிருந்து வந்தவர். பர்மிய மொழியை மிஷின்களுக்கு நடுவே பொறுக்கிப் பொறுக்கிக் கற்றவர். தனித்தனி வார்த்தையாகத்தான் பேசுவார். "மாஸ்டர். காலர். அசிங்கம்." அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மீதி வாக்கியத்தை நாங்கள் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபேக்ஸ் தாளை நீட்டினார். அவருடைய தங்கை கல்யாணமாகி அமெரிக்காவில் குடியேறியவர். தங்கை மகளுக்குப் பதினோரு வயது. அங்கேயே பிறந்தவள், பனிச்சறுக்குப் போட்டிகளில் ஆடுகிறாள். அவள் உடம்பின் அளவுகள் தாளில் இருந்தன. பர்மிய நாடகக் கம்பெனி ஆட்டக்காரிகளின் உடையில் மின்னும் சமிக்கி வேலையை மேலாளர் பார்த்து மயங்கியிருக்கிறார். அந்த வட்ட வட்டமான பளபளப்புத் தகடுகளைத் தன் மருமகள் உடையிலும் தைக்க வேண்டும் என்று ஆசை.

பிறகு விதியைச் சொன்னார். ஆடும்போது அவள் விழுந்தால் மதிப்பெண் குறையும். அது நியாயம். ஆனால் உடையிலிருந்து ஏதாவது கழன்று பனியில் விழுந்தாலும் மதிப்பெண் குறையுமாம். அவள் விழுந்தால் அவள் பாடு. சமிக்கி விழுந்தால் என் பாடு அல்லவா?

சமிக்கி தைக்க எங்களிடம் ஒரு பெண்மணி இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரையும் போல நானும் அவரை மமா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா என்று அர்த்தம். முன்பு நாடகக் கம்பெனிகளுக்குத் தைத்தவர். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி முடிச்சுப் போடுவார். வேலை முடிந்ததும் உடையை இரண்டு கையாலும் பிடித்து, வண்ணான் துணி அடிப்பது போல மேசை விளிம்பில் ஓங்கி ஓங்கி அடிப்பார். ஒரு தகடு விழுந்தாலும் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார். அவர் அடிக்கும்போது நான் வெளியே போய் நின்றுகொள்வேன்.

அந்தப் பெண்ணை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தாளாக வந்தாள். ஒரு வருஷம் கை மூன்றங்குலம் நீண்டிருந்தது. மறு வருஷம் இடுப்பு அப்படியே இருக்கத் தோள் அகன்றிருந்தது. "நல்லாத் தூக்கித் தூக்கி எறியுறா கையை," என்றார் மமா. ஒரு தாளில் இடது தொடை வலது தொடையைவிட ஒன்றரை அங்குலம் குறைவு. எழுத்துப் பிழை என்று நான் திருத்தப் போனேன். மமா என் கையைப் பிடித்தார். "கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கா. கட்டுப் போட்ட காலு மெலியும்." மேலாளரிடம் கேட்டோம். ஆமாம், நாலு மாதம் கட்டு. அந்த வருஷம் நாங்கள் பாவாடையின் இடது பக்கத்தைச் சற்று இறக்கித் தைத்தோம், யாருக்கும் தெரியாதபடி. போட்டி முடிவு மேலாளர் முகத்தில் வரும். "ஒன்பது" என்பார். "ஐந்து" என்பார். எத்தனை பேரில் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பதினாறாம் வயதுத் தாள் வந்தபோது மேலாளர் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார். "பெரிய ஆட்டம். பெரியவங்க. முதல் தடவை." சிறுமிகள் போட்டியை விட்டுப் பெரியவர்கள் போட்டிக்குப் போகிறாள். உடை வெள்ளையாக இருக்க வேண்டும். பனி போல வெள்ளை. திங்கட்கிழமை மத்தியானம் அவர் சியோலுக்கு விமானம் ஏறுகிறார். அங்கே வந்திருக்கும் தங்கை அதை வாங்கிக்கொண்டு அமெரிக்கா திரும்புவார். மாதிரி அறைப் பெண்கள் பத்து நாளைக்குக் கன்னத்தில் தனக்கா பூசக் கூடாது என்று உத்தரவு. அந்த மஞ்சள் நிற மரச்சாந்து இல்லாமல் எங்கள் பெண்கள் வெளியே வருவதே இல்லை. முகம் கழுவி வந்து உட்கார்ந்தபோது எனக்குப் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் இருமிவிட்டுப் படுத்தது. பாவாடை ஓரம் மட்டும் கையால் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. மேலாளர் உடையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, குழந்தையைக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தார். "வீடு. தையல். கவனம்." ஏழு பேர் தொங்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நகரத்துக்கு வந்தேன்.

வீட்டில் என் மனைவி பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது யாரு கைக்குழந்தைக்குங்க?"

"கைக்குழந்தை இல்ல. பதினாறு வயசுப் பொண்ணு."

"அப்போ பாக்கித் துணி எங்க?"

"இவ்வளவுதான். போட்டா இழுத்துக்கும்."

"பனியில நிக்கிறவளுக்கு இவ்வளவுதானா! அவ அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாளா?"

அது ஆடி வெள்ளி. அவள் கும்பிட்டு முடித்து, குழைத்த மஞ்சளும் குங்குமமும் வைத்த தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓரம் தைத்தேன். நல்ல தையல், சொல்லிக்கொள்ளலாம். கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தேன். உடையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இதைப் போட்டுக்கொண்டு அந்தப் பெண் அந்தரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும் என்று நினைத்தேன். ஒடிந்த கால் வேறு. எனக்குத் தலை சுற்றியது.

நான் ரவிக்கை தைத்த காலத்தில், முடித்த ரவிக்கையை மஞ்சள் வைக்காமல் ஒரு கல்யாணப் பெண்ணிடமும் கொடுத்ததில்லை. புதுத்துணி என்றால் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள். ஆலையில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. வாரத்துக்கு நாலாயிரம் கோட்டுக்கு வைப்பதென்றால் மஞ்சளை மூட்டையாக இறக்க வேண்டும். ஆனால் அன்று தட்டு பக்கத்தில் இருந்தது. பயம் உள்ளே இருந்தது. விரல் தானாகப் போய்த் தொட்டுக்கொண்டு வந்துவிட்டது. அதுவும் உள்பக்கம் வைக்கத் தெரியாமல், முன்பக்கம், இடது ஓரத்தில், பளிச்சென்று.

வைத்த பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோதுதான் வெள்ளைத் துணி என்பது நினைவுக்கு வந்தது.

நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னாச்சு, கையில ஊசி ஏறிடுச்சா?"

"ஊசி ஏறியிருந்தாத் தேவலையே! இங்க பாரு!"

பார்த்தாள். "நல்லதுதானே செஞ்சிருக்கீங்க," என்றாள் முதலில். அப்புறம், "ஐயோ, வெள்ளையாச்சே!" என்றாள். அவள் அதற்கு மேல் சொல்வதற்குள் நான் குளியலறையில் சோப்பைக் குழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. மஞ்சள் பொட்டு என் கண் முன்னால் ரத்தச் சிவப்பாக மாறியது.

"இப்போ யாரையோ குத்திட்டு வந்தவ பாவாடை மாதிரி இருக்கு," என்றாள் மனைவி.

"நீ சிரிக்கிறியா?"

"சிரிக்கலைங்க. நகருங்க அங்கிட்டு."

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு போய் மஞ்சள் திரும்ப வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகவே. "இது தண்ணிக்குப் போவாது. வெயில்ல காயப் போட்டாத்தான் போவும்," என்று தீர்ப்புச் சொன்னாள். இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். யாங்கோனில் ஒன்பது நாளாக விடாமல் மழை. வெயிலை நாங்கள் பார்த்து மறந்திருந்தோம்.

சனிக்கிழமை உடை இல்லாமல் ஆலைக்குப் போனேன். ஓரம் இன்னும் பாக்கி என்று பொய் சொன்னேன். மமா என்னை ஏற இறங்கப் பார்த்து, "முழ ஓரத்துக்கு ரெண்டு நாளா, ஸயா?" என்றார். ஸயா என்றால் வாத்தியார், ஐயா எல்லாம்தான், ஆலையில் மேலாளரும் ஸயா, மாஸ்டரும் ஸயா. நான் குடையை மறந்துவிட்டது போல வெளியே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் அண்ணன் வந்தார். ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயில் நெல் வயல் வைத்திருப்பவர். வாரம் ஒரு முறை காய்கறி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைக் கிண்டல் செய்துவிட்டுப் போவார். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது மனைவி அவர் குடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, குடை நுனிதானே நனைஞ்சிருக்கு. அங்க மழை இல்லையா?"

"நேத்துப் பொழுதுக்கும் வெயிலு. இன்னிக்கும் அடிக்கும் போலத்தான் இருக்கு. ஏன்?"

அடுத்த அரை மணி நேரத்தில் நாங்கள் மூவரும் ஆற்றைக் கடக்கும் படகில் இருந்தோம். மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அக்கரை சேரும் வரைக்கும் சிரித்தார். "வெயில் தேடி ஆத்தைத் தாண்டுற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன், மாப்ளே."

மச்சான் வீட்டுக்குப் போகும் வழியிலேயே மேகம் விலகியது. சாலையோரம் ஒரு மண்பாண்டக் கூடம். அங்கே ஈரச் சட்டிகளை எல்லாரும் அவசர அவசரமாக வெளியே பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் எங்களைப் போல வெயிலைத் துரத்துகிறவர்கள்தான். நானும் போய் அனுமதி கேட்டு, கவிழ்த்து வைத்த ஒரு பெரிய ஜாடி மேல் உடையை விரித்தேன். மஞ்சள் பொட்டு சூரியனைப் பார்த்தபடி இருந்தது. நான் பொட்டைப் பார்த்தபடி இருந்தேன். வெயிலில் சமிக்கி மின்னி, வேலை செய்தவர்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள்.

"யாருக்கு இது?" என்று பாண்டம் செய்யும் ஒரு அம்மாள் பர்மியத்தில் கேட்டார்.

"எங்க மாப்பிள்ளைக்குத்தான்," என்றார் மச்சான். "டான்ஸ் கத்துக்குறாரு."

அந்த அம்மாள் என் தொந்தியையும் உடையையும் மாறி மாறிப் பார்த்து, "பத்தாதே," என்றார், உண்மையான கவலையோடு.

முக்கால் மணி நேரம் வெயில் அடித்திருக்கும். பொட்டு குங்குமப்பூ நிறத்திலிருந்து வாழைப்பழ நிறத்துக்கு வந்தது. அங்கிருந்து எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு. இன்னும் கால் மணி கிடைத்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தபோது முதல் துளி என் மொட்டைத் தலையில் விழுந்தது. பாண்டக்காரர்கள் கத்திக்கொண்டு சட்டிகளைத் தூக்கினார்கள். நான் உடையைத் தூக்காமல் மேகத்தைத் திட்டிக்கொண்டு நின்றேனாம். மனைவிதான் உடையைச் சுருட்டி, சுட்டு முடித்த ஒரு ஜாடிக்குள் போட்டு மூடியை வைத்து, அதன் மேல் தானே உட்கார்ந்துகொண்டாள். மழை விடும் வரைக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மாதிரி அறை. மேலாளர் உடையை விளக்கின் கீழ் விரித்தார். நான் அந்த மூலையை மடிப்புக்குள் தள்ளிவைத்திருந்தேன். அவர் முதலில் பிரித்ததே அந்த மடிப்பைத்தான். இடது ஓரத்தில் வெளிறிய ஒரு மஞ்சள் நிழல். தெரியாதவன் கண்ணுக்குத் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"தனக்கா!" என்று அலறினார்.

பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மேலாளர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் ஒருத்தியின் காதுக்குக் கீழே கழுவாமல் விட்ட துளித் தனக்காவைக் கண்டுபிடித்துவிட்டார். "நீ. வீடு. இன்னிக்கே."

அந்தப் பெண் காதுக்குக் கீழே கையை வைத்துத் தேய்த்தாள். கண்ணீர் வந்தது. மமா என்னைத்தான் பார்த்தார். பேசாமல் இருந்துவிடலாம் என்று என் உடம்பில் முக்கால்வாசி சொன்னது. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிப் பார்ப்போம், அதற்குள் வேறு யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்று நினைத்து எண்ணவும் ஆரம்பித்தேன். ஏழில் மமா இருமினார்.

"நான்தான், ஸயா," என்றேன். "தனக்கா இல்ல. மஞ்சள்."

மேலாளர் துணியை மூக்கில் வைத்து முகர்ந்தார். முகம் மாறியது. "குழம்பா?"

"குழம்பு இல்ல, ஸயா. புதுத்துணிக்கு வைக்கிறது. அவ விழக் கூடாதுன்னு."

அவர் என்னைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உடையைப் பையில் போட்டுப் பெட்டியில் வைத்து மூடினார். வாசலில் திரும்பி நின்று, அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். பிறகு என்னிடம், "புகார் வந்தா, மாஸ்டர் வீடு," என்றார். இந்த முறை மீதி வாக்கியத்தை நாங்கள் கட்ட வேண்டியிருக்கவில்லை.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் நான் தினம் ஒரு சாமானாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டு வெளியேறும் அவமானம் வேண்டாம் என்றுதான். முதலில் அளவு நாடா. பிறகு கத்தரிக்கோல். பிறகு நாற்காலியில் போட்டு உட்காரும் தலையணை. கட்டை நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக் கத்தரியை இரவல் வாங்கி வேலை பார்த்தேன். "கடைசியில மிஷினையும் தலையில தூக்கிட்டு வந்துருவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

போட்டி முடிந்து கொஞ்ச நாளில் வீடியோ கேசட் வந்தது, கூடவே தங்கையின் கடிதம். மேலாளர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாதிரி அறை முழுவதையும் தன் அறைக்கு அழைத்தார். ஐந்து வருஷமாகத் தாளில் இருந்தவள் டி.வி. பெட்டிக்குள் வந்து நின்றாள். "சின்னப் புள்ள!" என்று எல்லாப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு அவள் பெரியவளா சின்னவளா என்று தெரியாது. நான் பாவாடையின் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஓடி வந்து, காலை ஊன்றி, மேலே எழும்பினாள். மின்சாரம் போனது.

அந்த இரண்டு நிமிஷத்தை நான் மறக்கமாட்டேன். ஜெனரேட்டர் செருமிக்கொண்டிருந்தது. இருட்டுப் பெட்டிக்குள் அவள் அந்தரத்தில் நின்றாள். "இறங்கிருப்பா," என்றாள் ஒருத்தி. "விழுந்திருப்பா, கால் கோணல்," என்றாள் இன்னொருத்தி. "விழுந்தாலும் ஒரு தகடு விழாது," என்றார் மமா. வெளிச்சம் வந்தது. அவள் இறங்கினாள், வழுக்கினாள், உட்கார்ந்த வாக்கில் பத்தடி போனாள். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் பனித்தரையில் ஏதாவது மின்னுகிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அவள் எழுந்து ஆடி முடித்தாள்.

மேலாளர் கடிதத்தைப் பிரித்தார். "பதினொன்று," என்றார். உடைக்கு மதிப்பெண் குறையவில்லை. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மூச்சு விட வாயைத் திறந்தேன். "புகார்," என்றார் மேலாளர்.

ஆலையில் என் சாமான் இன்னும் என்ன பாக்கி என்று மனசுக்குள் எண்ணினேன்.

"கைக்குழி. இறுக்கம். கை தூக்க, வலி."

கையும் உடம்பும் சேரும் வட்டத்தை அரை அங்குலம் குறைத்து வெட்டியிருக்கிறேன். ரவிக்கை வெட்டுகிற கை. கல்யாணப் பெண் மேடையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு அது கச்சிதமாக நிற்கும். இவளோ இரண்டு கையையும் வானத்துக்கு எறிகிறவள். ஊரெல்லாம் அலைந்து, ஆறு தாண்டி, ஒரு பொட்டு மஞ்சளுக்குப் பயந்து செத்தேன். பயப்பட வேண்டிய இடத்தை நானே வெட்டி, நானே தைத்து, நன்றாக இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர் வீடு," என்றேன் நானே, அவருக்குச் சிரமம் வைக்காமல்.

அவர் கடிதத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். புது அளவு. அடுத்த போட்டிக்கு. "இது முதல்," என்றார். "பிறகு வீடு." அதை முடிப்பதற்குள் அடுத்த தாள் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. மேலும் மூன்று வருஷம் அவள் ஆடினாள். ஒரு முறை மூன்றாம் இடம் வந்து, மேலாளர் ஆலை முழுவதற்கும் ஐஸ்கிரீம் வாங்கினார். பிறகு அதே இடது கால் மறுத்துவிட்டது, தாள் வருவது நின்றது. "பிறகு" என்ன ஆயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் அன்று, புதுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கேசட்டை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டேன். இந்த முறை கைக்குழியைப் பார்த்தேன். கை மேலே போகும் ஒவ்வொரு முறையும் துணி சுருங்கி இழுத்தது. மூன்றாம் முறை போட்டபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால், அவ்வளவு பெரிய வெள்ளைத் தரையின் நடுவில், உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருக்க, கதவு எந்தப் பக்கம் என்று கண்ணால் தேடிக்கொண்டு நின்றாள். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. தினம் காலையில் அதற்குத்தான் சவரம் செய்கிறேன்.

மாதிரி அறைக்குத் திரும்பி, இரவல் கத்தரியால் புதுத் துணியில் கைக்குழியை அரை அங்குலம் பெரிதாக வெட்டினேன். பார்த்தேன். இன்னும் கால் அங்குலம் வெட்டினேன். மறுபடி கத்தரியை வைத்தபோது மமா அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"போதும், ஸயா. இன்னும் வெட்டினா அதுல தலையை விட்டுக்குவா."